கஞ்சாச் செடியின் மணப்பொருள்களும் மனிதனின் பசியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாறு கடலோடு கலக்கும் பொழிமுகத்தில் அமைந்துள்ள ஊர் பூவார். அகத்தியமலைத் தொடரில் தோன்றும் நெய்யாறு, சுமார் 56 கிலோமீட்டர் தூரம் ஓடி, தென்னந்தோப்புகளுக்கிடையே அகன்று, இங்கே அரபிக்கடலை அடைகின்றது. முற்காலத்தில் மரமும் சந்தனமும் யானைத் தந்தமும் வாசனைத் திரவியங்களும் கப்பலேறிய துறைமுகம் இது என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்தி. பூவாருக்குக் கிழக்கே பாறசாலை வரையிலும், வடக்கே நெய்யாற்றின்கரை வரையிலும் பரந்துள்ள எல்லைப்புறக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில், சில இடங்களில் ஒரே வீட்டில், வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் அடுக்களை பிரியவில்லை. பிற தமிழர் மிளகு என்பதை எல்லையின் இருபுறத்தாரும் நல்லமிளகு என்பர். அதன் கொடி வீட்டுப் புரையிடத்தில் முருக்கிலும் பலாவிலும் கமுகிலும் பற்றி ஏறுவதைக் காணலாம். இக்கட்டுரையின் பொருள் கஞ்சாவேயாயினும் நல்லமிளகை முதலில் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு; அது உரிய இடத்தில் விளங்கும்.

இப்பகுதியில் கஞ்சாவைப் பற்றிய பேச்சு இரண்டு சந்தர்ப்பங்களில் எழுகின்றது. ஒன்று, நெய்யாற்றின்கரையை அடுத்த அமரவிளைக் கலால் சோதனைச் சாவடியில் கஞ்சாப் பொட்டலங்கள் பிடிபடும்போது. மற்றொன்று நோயைப் பற்றியது. 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கு இத்தாலுகாவிலிருந்தும், எல்லைக்கப்பாலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் செல்கின்றனர். கடுமையான மருந்துகளை ஏற்றுத் திரும்பும் நோயாளிக்குக் குமட்டல் உண்டாகின்றது. மீன் குழம்பின் வாசனை பிடிப்பதில்லை. கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கினால் பெரிது. உடல் நாளுக்கு நாள் கரைவதைக் கண்டு வீட்டார் கலங்குகின்றனர். கஞ்சா பசியைத் தூண்டும் என்று யாரேனும் அவர்களிடம் சொல்லக் கேட்டால், அதில் உண்மையுண்டா என்ற வினா எழுவது இயல்பே. வேறு சிலரோ அதே செடி பருத்த உடலை இளைக்கச் செய்யும் என்றும், நீரிழிவைத் தணிக்கும் என்றும் கூறுகின்றனர். ஒரே செடி பசியை மூட்டவும் உடலை மெலிவிக்கவும் கூடுமா? பார்வைக்கு முரண்பாடாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளையும் விஞ்ஞானம் எவ்வளவு தூரம் ஆராய்ந்துள்ளது என்பதை இங்குக் காண்போம்.

பழைய கவனிப்புகள்

கஞ்சாவுக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு இந்திய வைத்தியர்களுக்குப் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல், பங்கி எனப்படும் இதன் இலையைப் பசித்தீயை எழுப்புவது, செரிமானத்திற்கு உதவுவது, மலத்தைக் கட்டுவது என்று வகைப்படுத்துகின்றது. சித்த வைத்தியத்திலும் இது லேகியங்களில் சேர்க்கப்பட்டதுண்டு. அவ்விடங்களில் இது தனித்துக் கொடுக்கப்படாமல், சுத்தி செய்யப்பட்டு, பிற சரக்குகள் பலவற்றோடு சிறிய அளவில் சேர்க்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நவீன முறையிலான முதற் பரிசோதனைகளும் நம் நாட்டிலேயே நிகழ்ந்தன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஓஷாஹ்னஸி என்னும் ஐரிஷ் வைத்தியர், 1839-ஆம் ஆண்டில் தமது ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். நடுத்தரப் பருமனுள்ள நாய் ஒன்றுக்கு நேபாளச் சரஸ் பத்து கிரெயின், அதாவது சுமார் 650 மில்லிகிராம், சாராயத்தில் கரைத்துக் கொடுக்கப்பட்டது. அரைமணி நேரத்தில் நாய் மந்தமடைந்து தூங்கித் தூங்கி விழித்தது, திருப்தியோடு வாலை ஆட்டியது, வைத்த உணவை ஆவலோடு விழுங்கியது, கூப்பிட்டால் தள்ளாடியது. ஆறு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயக்கமும் பசியும் ஒன்றாகவே வந்தன என்பதை அக்குறிப்பு காட்டுகின்றது. எந்தப் பொருள் இதைச் செய்தது என்பதை அறிய மேலும் 125 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மணம் வேறு, மயக்கம் வேறு

கஞ்சாவின் பெண் பூங்கதிரைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், குண்டூசித் தலை போன்ற நுண்ணிய மயிர்ச் சுரப்பிகள் அடர்ந்திருப்பதைக் காணலாம். செடியின் பிசின் ஊறுவது இவற்றில்தான். இப்பிசினில் இருவகைப் பொருள்கள் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் பல தவறான அபிப்பிராயங்கள் தோன்றியுள்ளன.

முதல் வகை கன்னபினாய்டுகள். இவற்றுள் தலையாயது டெட்ராஹைட்ரோகன்னபினால், சுருக்கமாக டி.எச்.சி. எனப்படும். 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான கவோனி, மெக்கூலம் என்ற இருவர் இதைத் தூய நிலையில் பிரித்து அமைப்பைக் கண்டறிந்தனர். இதன் மூலக்கூற்றில் பென்சீன் வளையம் ஒன்று உண்டு. ஆகவே இரசாயன நூலார் வழக்கில் இதனை 'அரோமாட்டிக்' சேர்மம் என்பர். ஆனால் அச்சொல்லைக் கண்டு ஏமாறலாகாது, டி.எச்.சி.க்கு மணம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பச்சைச் செடியில் இது அமில வடிவில் இருக்கின்றது. சூடு பட்டபின்னரே மயக்கந்தரும் வடிவை அடைகின்றது.

இரண்டாவது வகைதான் உண்மையில் மணப்பது. இவை டெர்ப்பீன்கள் எனப்படும். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோப்பிரீன் என்னும் செங்கல்லை இரண்டாகவும் மூன்றாகவும் அடுக்கி இயற்கை கட்டிய கட்டடங்கள் இவை. மிர்சீன், லிமொனீன், பைனீன் ஆகியவை பத்துக் கார்பன் அணுக்கள் கொண்டவை, எளிதில் ஆவியாவன. காரியோஃபிலீன், ஹ்யூமுலீன் ஆகியவை பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்டவை; சற்றுத் தாமதித்து ஆவியாவன. இவற்றுள் ஒன்றேனும் கஞ்சாவுக்கே உரியதன்று. மாம்பழத்தில் மிர்சீனும், ஆரஞ்சுத் தோலில் லிமொனீனும், கிராம்பிலும் நல்லமிளகிலும் கறிவேப்பிலையிலும் காரியோஃபிலீனும் உள்ளன. கஞ்சாவின் குறிப்பிட்ட கடுநாற்றத்திற்கு டெர்ப்பீன்கள் மட்டும் காரணமல்ல என்பதும், மிக நுண்ணிய அளவிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் அதற்குப் பெரிதும் பொறுப்பு என்பதும் 2021-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. நாற்றத்தைக் கொண்டு சரக்கின் வீரியத்தை மதிப்பிடும் வழக்கத்திற்கு ஆதாரமில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

பசி பிறக்கும் இடங்கள்

டி.எச்.சி. உடலில் எங்கே சென்று வேலை செய்கின்றது? 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட், வில்லியம் டெவேன் முதலியோர், எலியின் மூளையில் கன்னபினாய்டுகள் சென்று பொருந்தும் இடம் ஒன்று உண்டென நிறுவினர். பூட்டுக்குள் சாவி பொருந்துவது போல் ஒரு பொருள் சென்று பொருந்தும் இத்தகைய இடத்தை ஏற்பி என்பர். இது சி.பி.-1 எனப் பெயர் பெற்றது. இதன் முழு அமைப்பு 1990-இல் வெளியாயிற்று. 1993-இல் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரிதும் காணப்படும் சி.பி.-2 என்ற மற்றோர் ஏற்பியும் கண்டறியப்பட்டது.

ஏதோ ஒரு செடியின் பிசினுக்காக நம் மூளை பூட்டு ஒன்றை ஆயத்தம் செய்து வைத்திருக்குமா? அப்படி இருக்க நியாயமில்லை. உடலே செய்துகொள்ளும் சாவி ஒன்று இருந்தாக வேண்டும். தேடியதில் 1992-ஆம் ஆண்டில் பன்றியின் மூளையிலிருந்து அப்பொருள் கிடைத்தது. அதைக் கண்டவர்கள் ஆனந்தம் என்ற வடசொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு எனப் பெயர் சூட்டினர். எருசலேம் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இந்நாட்டுச் சொல் ஒன்று இரசாயன அகராதியில் ஏறியது சுவையான செய்தியே. அதையடுத்து 1995-இல் இதே வேலையைச் செய்யும் மற்றொரு பொருளும் வெளிப்பட்டது. உணவின்றி வைக்கப்பட்ட எலிகளின் மூளையில் இவ்வகைப் பொருள்களின் அளவு மிகுவதும், உண்டபின் அடங்குவதும் காணப்பட்டன. பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் சி.பி.-1 ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது அவை தாய்ப்பால் குடிப்பதையே நிறுத்திவிட்டன என்பது 2001-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. ஆகவே இவ்வேற்பு முறை போதைக்காக அமைந்ததன்று. உயிர் தன்னைப் பேணிக்கொள்ள அமைந்த ஏற்பாடு.

மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதலமஸ் என்ற பகுதியில் 'போதும்' என்ற உணர்வைத் தரும் நரம்பணுக்கள் உள்ளன. கன்னபினாய்டுகள் இவற்றை அடக்கிப் பசியை உண்டாக்குகின்றன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் தமாஸ் ஹோர்வத் குழுவினர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. சுண்டெலிகளில் அந்த நரம்பணுக்கள் அடங்கவில்லை. முன்னிலும் மிகுதியாகவே இயங்கின. ஆனால் நிறைவுணர்வு தரும் பொருளுக்குப் பதிலாக, இன்பமும் உணவு வேட்கையும் தரும் எண்டார்ஃபின் என்ற பொருளை வெளிவிட்டன. வயிறு நிறைந்தவனையும் மீண்டும் உண்ணச் செய்வதன் இரகசியம் இதில் ஓரளவு அடங்கியுள்ளது.

மூக்கும் நாவும் இதில் பங்கு கொள்கின்றன. பிரான்சு தேசத்துப் பொர்தோ நகரில் ஜொவான்னி மார்சிக்கானோ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டினியிருந்த சுண்டெலிகளின் மணம் அறியும் மூளைப் பகுதியில் சி.பி.-1 ஏற்பி தூண்டப்படும்போது மோப்பத்திறன் கூர்மையடைகின்றது. உண்ணும் அளவும் கூடுகின்றது. நாவில் இனிப்பை உணரும் அணுக்கள் இதே பொருள்களால் கூர்மை பெறுவதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2010-இல் சுண்டெலிகளிடம் கண்டனர். பசித்தவனுக்கு அடுத்த வீட்டுச் சமையல் மணக்கும் என்று கிராமத்தார் சொல்வதற்கு இவ்வாறு ஒரு நரம்பியல் ஆதாரம் கிடைத்துள்ளது.

மனிதரிடம் நடந்த சோதனைகளுள் 1988-ஆம் ஆண்டில் வெளியான ஒன்று தெளிவானது. ஆரோக்கியமான ஆடவர் அறுவர் 13 நாட்கள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். கஞ்சா புகைத்த நாட்களில் அவர்கள் உட்கொண்ட உணவுச் சக்தி சுமார் 40 சதவீதம் மிகுந்தது. கவனிக்கத்தக்கது யாதெனில், அவர்கள் சாப்பாட்டை அதிகமாகச் சாப்பிடவில்லை. இடையிடையே தின்பண்டங்களைத் தின்றனர்.

நோயாளிக்குப் பயன் எவ்வளவு?

மேற்கூறியவை யாவும் ஆரோக்கியமான உடலைப் பற்றியவை. பூவாரில் கவலையோடு அமர்ந்திருக்கும் குடும்பத்தாருக்கு வேண்டிய விடை வேறு. டிரோனபினால் என்ற பெயரில் செயற்கையாகச் செய்யப்பட்ட டி.எச்.சி.யை, புற்றுநோய் மருந்துகளால் உண்டாகும் வாந்திக்காக 1985-ஆம் ஆண்டிலும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்காக 1992-ஆம் ஆண்டிலும் அமெரிக்க அரசு அனுமதித்தது. வாந்தியைத் தணிப்பதில் அதற்குப் பயன் உண்டு. புற்றுநோயால் உடல் கரைவதைத் தடுப்பதில் கிடைத்த முடிவுகள் அவ்வளவு நம்பிக்கை தருவனவல்ல.

2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 469 புற்றுநோயாளிகள் சேர்க்கப்பட்டனர். மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் வகை மருந்தை உண்டவர்களில் 75 சதவீதத்தினர் பசி மேம்பட்டதாகக் கூறினர். டிரோனபினால் உண்டவர்களில் அவ்வாறு கூறியவர்கள் 49 சதவீதத்தினரே. 2006-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இன்னும் கண்டிப்பானது. 243 நோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்குக் கஞ்சாவின் சாறும், ஒரு பிரிவினருக்குத் தனி டி.எச்.சி.யும், ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. பசியிலோ வாழ்க்கை நலத்திலோ மூன்று பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆரோக்கியமான வாலிபனைத் தின்பண்டம் தேடச் செய்யும் பொருள், நோயால் நலிந்தவனுக்கு அதே அளவில் உதவும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. புற்றுநோயில் உடல் கரைவதற்குப் பசியின்மை மட்டும் காரணமன்று. அழற்சியினால் தசைநாரே சிதைகின்றது. அதைப் பசி மூட்டும் பொருள் எப்படித் தடுக்கும்?

இங்கு மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் கஞ்சா புகைத்தவர்கள் சிலருக்கு அடக்கமுடியாத வாந்தி விட்டுவிட்டு வருவதை ஆஸ்திரேலிய வைத்தியர்கள் 2004-ஆம் ஆண்டில் விவரித்தனர். வெந்நீரில் குளிக்கும்போது மட்டும் அவர்களுக்குத் தணிவு கிடைத்தது. பழக்கத்தை நிறுத்தியபின் நோய் அகன்றது. வாந்திக்கு மருந்தென அறியப்பட்ட பொருளே வாந்திக்குக் காரணமாகவும் கூடும். இதை அறியாத வீட்டார், வாந்தி மிகும்போது மேலும் கஞ்சா கொடுக்க முற்பட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உடலை மெலியச் செய்யும் என்பது

இனி எதிர்க் கூற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் இரண்டு தேசியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், கஞ்சா உபயோகிக்காதவர்களிடையே உடற்பருமன் 22 முதல் 25 சதவீதம் வரையிலும், வாரத்தில் மூன்று நாட்களுக்குக் குறையாமல் உபயோகிப்பவர்களிடையே 14 முதல் 17 சதவீதம் வரையிலும் காணப்பட்டதாகக் கூறப்பட்டது. அதிகம் தின்னச் செய்யும் பொருளை உபயோகிப்போர் ஏன் பருமனாக இல்லை?

ஒரு விளக்கம் ஏற்பியைப் பற்றியது. ஒரே பூட்டை ஓயாமல் திறந்துகொண்டிருந்தால், உடல் அப்பூட்டுகளையே குறைத்துவிடுகின்றது. நாள்தோறும் புகைப்போரின் மூளையில் சி.பி.-1 ஏற்பிகள் குறைந்திருப்பதும், ஒரு மாத அளவு நிறுத்தியபின் அவை பெரும்பாலும் மீள்வதும் 2012-இல் வெளியான ஆய்வில் படம் பிடித்துக் காட்டப்பட்டன. ஏற்பிகள் குறைந்தால் கொழுப்பைச் சேமிக்கும் தூண்டுதலும் குறையலாம். ஆயினும் கணக்கெடுப்பு காரணத்தை நிறுவாது. புகையிலை, வயது, வருமானம், வேறு பழக்கங்கள் முதலிய பலவும் இதில் பின்னிக் கிடக்கின்றன. இப்புள்ளிவிவரத்தைக் காட்டிக் கஞ்சா இளைப்பதற்கு மருந்து என்று கூறுவது, குடை பிடிப்பவர்கள் மிகுந்த ஊரில் மழை அதிகம். ஆகவே குடையே மழைக்குக் காரணம் என்பதை ஒக்கும்.

சி.பி.-1 ஏற்பியை வேண்டுமென்றே அடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு மனித இனம் பெரும் விலை கொடுத்து விடை கண்டுள்ளது. ரிமோனபன்ட் என்ற மருந்து அவ்வாறு அடைப்பது. ஓராண்டு உட்கொண்டவர்கள் போலி மாத்திரை உண்டவர்களைவிடச் சுமார் 5 கிலோகிராம் அதிகமாக எடை இழந்தனர்; இரத்தக் கொழுப்பும் சீர்பட்டது. ஏற்பி மூளையில் மட்டுமன்றிக் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் குடலிலும் தசையிலும் உள்ளது. ஆகவே உண்ணும் அளவு குறைந்ததோடு உடலின் வளர்சிதை மாற்றமும் மாறியது. 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இம்மருந்து அனுமதிக்கப்பட்டது. ஆனால் பசியோடு வாழ்வின் மீதிருந்த பற்றும் சிலரிடம் சேர்ந்தே அகன்றது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுந்ததால் 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2009-இல் தடை செய்யப்பட்டது. ஆனந்தமைடு என்ற பெயர் வெறும் அலங்காரமன்று என்பதை இது கடுமையாக உணர்த்தியது.

கஞ்சாவிலேயே இத்தகைய அடைப்பான் ஒன்று சிறிதளவில் உண்டு. டி.எச்.சி.யின் மூலக்கூற்றில் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட வால் ஒன்று தொங்குகின்றது. அவ்வாலில் இரண்டு அணுக்கள் குறைந்தால் கிடைப்பது டி.எச்.சி.வி. என்ற பொருள், 1970-ஆம் ஆண்டில் பாக்கிஸ்தானியக் கஞ்சாவிலிருந்து இது பிரித்தறியப்பட்டது. வால் குறைந்ததும் குணமும் மாறுகின்றது. குறைந்த அளவில் இது ஏற்பியைத் திறப்பதில்லை, அடைக்கின்றது. அளவு மிகுந்தால் திறக்கவும் செய்கின்றது. இங்கிலாந்தில் நீரிழிவு நோயாளிகள் 62 பேரிடம் 13 வாரங்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டி.எச்.சி.வி. கொடுக்கப்பட்டவர்களுக்கு வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை குறைந்தது; கணையத்தின் திறனும் மேம்பட்டது. எடையில் மாறுதல் இல்லை. சிறிய ஆய்வு, முடிவு ஆர்வமூட்டுவது, அதற்கு மேல் இப்போது சொல்ல இயலாது. சந்தையில் விற்கும் கஞ்சாவில் இப்பொருள் எவ்வளவு உண்டு என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது.

நல்லமிளகில் உள்ள உறவினன்

மணப்பொருள்களுக்கு இப்போது திரும்புவோம். 2008-ஆம் ஆண்டில் யூர்க் கெர்ட்ஷ் என்பவரும் அவரது துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. காரியோஃபிலீன் என்ற மணப்பொருள் சி.பி.-2 ஏற்பியில் பொருந்துகின்றது, சி.பி.-1 ஏற்பியைத் தீண்டுவதில்லை. எனவே மயக்கம் இல்லை, பசி வெறியும் இல்லை. வீக்கம் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு உடலெடையில் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் வாய்வழியே கொடுத்தபோது வீக்கம் தணிந்தது. சி.பி.-2 ஏற்பியில்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. ஆகவே அந்த ஏற்பியின் வழியாகவே அது வேலை செய்தது என்பது உறுதியாயிற்று. கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த செய்கையுடைய பொருள் ஒன்று, நெய்யாற்றின்கரைப் புரையிடங்களில் சட்டத்திற்கு எவ்வித விரோதமுமின்றி நூற்றாண்டுகளாகப் படர்ந்து வந்திருக்கின்றது!

வளர்சிதை மாற்றத்தில் இதன் செய்கையைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்துள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் காரியோஃபிலீன் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்து, கல்லீரலில் சர்க்கரையைக் கையாளும் நொதிகள் இயல்பு நிலையை நோக்கித் திரும்பின. அவர்கள் பயன்படுத்திய அளவு கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம்.

இந்த எண்ணைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நலம். 60 கிலோகிராம் எடையுள்ள மனிதனுக்கு அதே கணக்கில் 12 கிராம் காரியோஃபிலீன் வேண்டும். நல்லமிளகில் ஆவியாகும் எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு. அந்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு காரியோஃபிலீன் என்று கொண்டால், ஒரு கிலோகிராம் நல்லமிளகில் 4 முதல் 8 கிராம் வரை கிடைக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோகிராம் மிளகைத் தின்றாக வேண்டும்! கெர்ட்ஷ் கொடுத்த சிறிய அளவை எடுத்துக்கொண்டாலும் 40 முதல் 75 கிராம் மிளகு தேவை. ஒரு குடும்பத்து இரசத்தில் விழுவது இதில் சிறு பங்கே. எலியின் அளவை மனிதனுக்கு எடைக்கு எடை பெருக்குவது கண்டிப்பான முறையன்று; எனினும் ஆய்வுக்கூடத்திற்கும் அடுக்களைக்கும் உள்ள தூரத்தை இக்கணக்கு காட்டப் போதுமானது.

மற்ற மணப்பொருள்களைப் பற்றிய கூற்றுகள் இன்னும் மெலிந்தவை. ஹ்யூமுலீன் பசியை அடக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. மனிதரிடம் அதை நிலைநாட்டிய சோதனை இல்லை. மாம்பழம் தின்றபின் கஞ்சா புகைத்தால் அதிலுள்ள மிர்சீனால் வேகம் கூடும் என்பதும் அத்தகையதே. செடியின் பொருள்கள் யாவும் ஒன்றையொன்று துணைசெய்து வேலை செய்கின்றன என்ற கருத்து 1998-ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது. 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கஞ்சாவில் பெரிதும் காணப்படும் ஆறு டெர்ப்பீன்களை ஏற்பிகள் பொருத்திய அணுக்களில் இட்டுப் பார்த்தபோது, டி.எச்.சி.யின் செய்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. 2021-இல் அமெரிக்காவில் வெளியான சுண்டெலி ஆய்வு ஒன்று மாறான முடிவைத் தருகின்றது. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் மணப்பொருளின் பெயரைச் சொல்லி, இந்த வகைக் கஞ்சா பசிக்கு, அந்த வகை இளைப்பதற்கு என்று பிரித்து விற்பதற்கு வேண்டிய ஆதாரம் இன்று எவரிடமும் இல்லை.

சட்டமும் ஆராய்ச்சியும்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப்பொருள் சட்டம், கஞ்சாவின் பிசினையும் பூத்த அல்லது காய்த்த கதிர்களையும் தடை செய்கின்றது. கதிரோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற விளக்கத்திற்குள் வாரா. நோயாளிக்காக வாங்கினேன் என்று கூறுவது, உரிய அனுமதியின்றிக் கதிரை வைத்திருந்தவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்காது. விதையில் மயக்கப்பொருள் இல்லை என்றே சொல்லலாம். புரதமும் எண்ணெயும் நிறைந்த அதனை உணவாக விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் 2021-ஆம் ஆண்டில், வரம்புகள் விதித்து, இடமளித்தது. மருந்து ஆராய்ச்சிக்காக ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் தனது பண்ணையில் அனுமதியுடன் செடியை வளர்த்துள்ளது.

பசியற்ற நோயாளியின் வீட்டார் இதற்கிடையே செய்யத்தக்கது யாது? பசியின்மையையும் வாந்தியையும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுவதே முதற்காரியம். வாந்தியை அடக்கும் வேறு மருந்துகள் உண்டு, அவை எளிதிற் கிடைப்பவை. கஞ்சா கொடுத்திருந்தால் அதையும் கூறிவிட வேண்டும், டி.எச்.சி. கல்லீரலில் மாறுதலடையும் பொருளாதலால் உடனுண்ணும் பிற மருந்துகளோடு மோதக்கூடும். சூடான உணவின் மணம் பிடிக்காதவர்களுக்கு ஆறிய கஞ்சியையும் தயிரையும் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பது நலம்.

நல்லமிளகைப் பொறுத்தவரை ஒரு சிறு குறிப்பு. இரசம் கொதிக்கும்போது தெருவரை எட்டும் மணம், மிளகை விட்டு வெளியேறிவிட்ட டெர்ப்பீன்களே. நீராவியோடு முதலில் செல்வன இலேசான பைனீனும் லிமொனீனும். கனத்த காரியோஃபிலீன் பின்தங்கி நிற்கும். கொதி அடங்கி இறக்கும் வேளையில் மிளகைப் பொடித்து இடுவோரின் பாத்திரத்தில் இரண்டுமே மிகுதியாகத் தங்கும்.